தெய்வத்திரு என்று போட வேண்டாம்

தம்பி,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை மாதிரி போன சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அட்டை கனமாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளையார் மட்டும் கொஞ்சம் இளைத்துப்போயிருக்கிறார், பரவாயில்லை. ஒன்றே ஒன்றை மாற்றச் சொல். உன் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிட்டுத் 'திரு' என்று மட்டும் போடு. உன் அப்பா உயிரோடு இருக்கிறார். பெரம்பலூரில், துறையூர் ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டில் இருக்கிறார். இதை நீ காலை நேரத்தில் படித்தால், அந்நேரம் அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

நின்றுகொண்டு படிக்கிற பழக்கம் உனக்கு. உட்கார். போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் "அம்மா, உனக்கு என்னம்மா ஆச்சு" என்று கேட்பாய். அப்பாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்து மாமாவுக்கு போன் போடுவாய். அவன் என்னை இழுத்துக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைவான். எழுதினால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. கோபப்படுவதை எல்லாம் கடைசி வரி வரைக்கும் தள்ளி வை. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை.

உன் அப்பா எறையூர் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தவர். கரும்பு வண்டியை தூரத்தில் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. ரிட்டையர் ஆகிக் கீழப்பழுவூரில் நம் சொந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் மறதி ஆரம்பித்தது. உனக்குத் தெரிந்தது பாதிதான். நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, போனில் கேட்டால் "நல்லாருக்காரு" என்று முடித்துவிடுவேன். விடிந்ததும் டிபன் பாக்ஸைத் தேடுவார். "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வண்டியெல்லாம் கேட்டுல வரிசையா நிக்கும்" என்பார். நான் இருபது வருஷம் பால்வாடியில் பிள்ளைகளை அதட்டியே பழகியவள். "ரிட்டையராயி மூணு வருஷம் ஆச்சு, பேசாம உக்காருங்க" என்பேன். அவர் முகம் அப்படியே விழுந்துவிடும். மறுநாள் அது அவருக்கு நினைவிருக்காது. மறுபடி கேட்பார், மறுபடி சொல்லுவேன், மறுபடி முகம் விழும். தினம் தினம் அவரை நான் புதிதாக வேலையை விட்டு அனுப்பினேன். வெளிக்கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஒரு நாள் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார் என்று கரண்டிக் காம்பால் கையில் அடித்தேன். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க யாருங்க, எதுக்கு அடிக்கிறீங்க" என்று மரியாதையாகக் கேட்டார். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது தம்பி, அழுகை வரவில்லை. உனக்கும் ஒருத்தி வரப்போகிறாள். வீட்டில் ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்பதற்காக அவரைத் திருத்தியே ஆக வேண்டும் என்று நிற்காதே. சரியாகப் பேசிப் பேசியே நான் அவரைச் சாகடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தீபாவளி உனக்கு நினைவிருக்கும். மறுநாள் உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன், கேட் திறந்து கிடந்தது. சங்கிலி போட மறந்தேனா, போடாமல் விட்டேனா என்று நாலு வருஷமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமா அரியலூர், ஜெயங்கொண்டம், திருச்சி என்று தேடினான். ஆலைக்கும் ஆள் அனுப்பினோம், அங்கே வரவில்லை என்றார்கள். மழை விடவே இல்லை. பத்தொன்பது நாள் கழித்து, அரியலூருக்கு அந்தப் பக்கம் யாரும் புழங்காத ஒரு சுண்ணாம்புக்கல் குழியில், தேங்கின தண்ணீரில் ஒரு ஆள் மிதப்பதாகச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள்.

முகம் என்று எதுவும் இல்லை. சட்டை அப்பா போட்டிருந்த அதே நீலக் கட்டம். அந்த வருஷம் அரியலூர் கடைத்தெருவில் ஒரே துணிக்கட்டு வந்து, ஊரில் பாதி ஆம்பளைகள் தீபாவளிக்கு அதைத்தான் தைத்துப் போட்டிருந்தார்கள். நான் காலைப் பார்த்தேன். உன் அப்பாவின் இடது கால் கட்டைவிரலில் நகம் கிடையாது, மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிப்போனது, உனக்கே தெரியும். அந்தக் காலில் நகம் இருந்தது. தண்ணீரில் ஊறினால் நகம் கழன்று போகும், முளைக்காது. இடுப்புக் கயிற்றில் ஒரு தாயத்தும் இருந்தது. உன் அப்பா தாயத்து கட்டுகிறவரா. மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு, மச்சான்தானே" என்றான். நான் "ஆமா" என்றேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். பத்தொன்பது நாள் தேடிய களைப்பு என்று முதல் வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். முடிந்துபோகட்டும் என்று இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவர்தான் அவர் என்றால் நாளைக் காலையில் நான் சங்கிலி போட வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் வாய் ஆமா என்றுவிட்டது. அதற்குப் பிறகு கையெழுத்து, வண்டி, அழுகிற சனம் என்று எல்லாம் தன்னால் நடந்தது. நீ சென்னையிலிருந்து வந்து "ஒரு தடவ மூஞ்சியப் பாத்துக்கிறேம்மா" என்று கெஞ்சினாய். "வேண்டாம்பா, நல்லாருந்த மூஞ்சியே மனசுல இருக்கட்டும்" என்றேன். உனக்கு வலிக்கக் கூடாது என்று நான் அதைச் சொல்லவில்லை. நீ பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்துதான் சொன்னேன். நீ கொள்ளி வைத்தாய். பதினாறாம் நாள் எனக்குத் தாலி இறக்கினார்கள்.

நாலு மாதம் கழித்து, அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்த ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். "பெரம்பலூர்ல ஒரு வூட்டுல ஒருத்தர் வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்காருங்க. அச்சு அசல் நம்ம அண்ணன் சாடை. ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டேன்." நான் காபி டம்ளரை வாங்கி உள்ளே வைத்தேன். மறுநாள் தனியாக பஸ் ஏறினேன்.

அந்த வீட்டுக்கு போர்டு கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆன ஒரு அம்மா வீடு அது. எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கணவருக்கு இதே மறதி வந்து போய்ச் சேர்ந்த பிறகு, இதே மாதிரி நினைவு தப்பினவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். அப்போது ஏழு பேர் இருந்தார்கள். நம் வீடுகள் மாதிரியேதான், கூடம், அடுப்படி, பின்னால் துணி துவைக்கிற கல். மண்டிக்காரர் மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம் போட்டுவிட்டுப் போவார், காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். பார்க்க வருகிறவர்களும் சும்மா உட்காரக் கூடாது, ஒரு முறம் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் அங்கே சட்டம். கேட்டுக்குப் பூட்டு இல்லை. யாராவது ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினால் நர்ஸம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடப்பார். இரண்டு தெரு சுற்றிவிட்டு "வூட்டுக்குப் போயி ஒரு வாய் காபி குடிச்சிட்டுக் கெளம்பலாமா" என்றால் அவர்களும் சரி என்று திரும்பிவிடுவார்கள். சங்கிலி வாங்கப் போன கடையில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

உன் அப்பா அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். வீட்டில் அவர் போட்டோவுக்கு மாலை போட்டு, சின்ன பல்ப் எரியவிட்டு வந்திருக்கிறேன், இங்கே அவர் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இடது கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய பஸ் ஸ்டாண்டில் ஷிஃப்ட் பஸ்ஸுக்காக மூன்று நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவரை நர்ஸம்மா கூட்டிவந்தாராம். போலீஸிலும் சொன்னாராம். அதற்குள், அவரைக் காணவில்லை என்று நாங்கள் கொடுத்திருந்த புகாரை நான்தான் முடித்துவைத்திருந்தேனே. வீட்டை விட்டுப் போனதற்கும் பஸ் ஸ்டாண்டில் கிடைத்ததற்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல். அந்த நாட்களில் எங்கே இருந்தார், யார் சோறு போட்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நர்ஸம்மா என்னிடம் "நீங்க சொந்தங்களா" என்றார். "தூரத்துச் சொந்தம்" என்றேன். அவர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார், ஒரு முறத்தை என் கையில் கொடுத்தார். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "உக்காருங்கம்மா. கூட வந்தவரையும் உக்காரச் சொல்லுங்க" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அங்கே அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த ஏழு பேரும் இல்லாத ஆட்களோடு பேசுகிறவர்கள்தான். ஒருவர் தம்பியை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைப்பார், ஒரு அம்மா வாசலில் நிற்கிற மாமனாருக்காக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். நர்ஸம்மா யாரையும் மறுக்க மாட்டார். யார் யாரைச் சொன்னாலும் அவருக்கும் ஒரு டம்ளர் காபி வைத்துவிடுவார். ஏழு பேர் இருக்கிற வீட்டில் பத்து, பன்னிரண்டு டம்ளர் ஆவி பறக்கும். அன்றைக்கு எனக்கு ஒன்று வந்தது, எனக்குப் பக்கத்தில் தரையில் இன்னொன்றும் வந்தது. அது ஆறுகிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து வாரா வாரம் திங்கட்கிழமை போகிறேன். அக்கம்பக்கத்தில் சிறுவாச்சூர் கோயிலுக்கு என்று சொல்லிவைத்தேன். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தானே திறக்கும், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புருஷன் போனபிறகு டீச்சருக்கு பக்தி வந்துவிட்டது என்றார்கள். அவரை ஏன் வீட்டுக்குக் கூட்டி வரவில்லை என்று கேட்பாய். கூட்டிவந்தால் அன்றைக்குக் குழியில் கிடந்தது யார் என்று கேட்பார்கள், நான் அந்த நகத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டிவரும். அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் அங்கே சந்தோஷமாக இருந்தார். நர்ஸம்மா மண்டியில் சொல்லி ஒரு பழைய பிளாட்பாரத் தராசு வாங்கிப் போட்டிருந்தார். உரித்த வெங்காயம், தண்ணிக் குடம், அரிசி மூட்டை, வருகிற போகிற ஆள் எல்லாம் அதில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். "அடுத்த வண்டி உள்ள வரட்டும்" என்று அவர் குரல் கொடுத்தால், கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து வரிசையில் நிற்பார்கள். நம் வீட்டில் அவரிடம் இருந்து நான் பிடுங்கியது அதைத்தான்.

மூன்றாம் தடவை போனபோது என்னையும் ஏறச் சொன்னார். ஏறினேன். முள்ளைப் பார்த்தார், முகம் சுளித்தார். "ரெண்டு பேரா ஏறாதீங்க, ஒருத்தர் ஒருத்தரா வாங்க" என்றார். நான் தராசில் தனியாகத்தான் நின்றேன் தம்பி. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் துணிச்சல் இல்லாமல் இறங்கிவிட்டேன். இன்னொரு நாள், தலைமையாசிரியராக இருந்த ஒரு அம்மா, அவர் அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசினதில்லை, என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார். "உங்க கூட வர்றவருக்கு ஒரு துண்டு குடுங்க. சட்டையெல்லாம் ஈரம், தரை வழுக்குது பாருங்க." அப்பா ஏதாவது சொல்லி அந்த அம்மா காதில் விழுந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஈரம் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குழியையும் தண்ணீரையும் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் நான் மூச்சு விட்டதில்லை. அதற்கப்புறம் திரும்பி வரும் பஸ்ஸில், என்னை அறியாமலே கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு உட்கார ஆரம்பித்தேன்.

முதல் வருஷத் திதிக்கு நீ வந்தாய். திருமானூரில் கொள்ளிடக் கரையில் உட்கார்ந்து பிண்டம் வைத்தாய். கரையெல்லாம் காக்கா. பக்கத்தில் வைத்தவர்கள் பிண்டத்தை எல்லாம் எடுத்தன, நீ வைத்ததைச் சுற்றி நடந்துவிட்டுப் போய்விட்டன. ஒரு மணி நேரம் அந்த வெயிலில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாய். "அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா, தீபாவளிக்கு மறுநாளே கெளம்பிப் போனேன்னு" என்று கேட்டு அழுதாய். நீ கூப்பிட்டது ஒருவர் பெயரை, நீ எரித்தது இன்னொருவரை. காக்காவுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை அன்றைக்கே சொல்லியிருந்தால் உன் மனதில் அந்த முள் இந்த மூன்று வருஷமும் கிடந்திருக்காது. நான் செய்ததில் எதற்கு மன்னிப்புக் கேட்டாலும் இதற்குத்தான் முதலில் கேட்க வேண்டும். உன் அப்பாவுக்கு உன்மேல் கோபம் கிடையாது, எந்த நாளும் கிடையாது.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை போனேன். அப்பா பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த புட்டை அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் காசளவு குங்குமம். விரல் எல்லாம் கருத்து வெடித்திருந்தது. பூங்காவனம் என்று பெயர், உடையார்பாளையம் பக்கம், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் அப்படி ஆகிவிட்டது. காணாமல் போன புருஷனைத் தேடிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஆள் எங்கே இருந்தாலும் போய்ப் பார்க்கிறவள். அப்படித்தான் இங்கேயும் வந்திருக்கிறாள். இவர் அவர் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்ததாம். ஆனாலும் மாதம் இரண்டு தடவை வருகிறாள். "யாரு பெத்த புள்ளையோ. எங்க வூட்டுக்காரருக்கும் எங்கயாச்சும் ஒரு மகராசி சோறு போட்டுக்கிட்டு இருப்பா இல்லீங்களா. அவளுக்கு நான் செய்யிற பதில் மொய்யின்னு வச்சிக்கங்க" என்றாள்.

நான் முறத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். எப்போது போனார் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "தீபாவளி முடிஞ்சி மூணாம் நாளு. அரியலூர்ப் பக்கம் குழி வேலைன்னு கூப்புட்டாங்கன்னு போனாரு. புதுச்சட்டை, நீலக் கட்டம். குழி வேலைக்கி அது எதுக்குங்கன்னேன், கேக்கல. இடுப்புல ஒரு தாயத்து இருக்கும், அத வச்சி அடையாளம் கண்டுக்கலாம். புள்ள வேணும்னு நாந்தான் கட்டுனேன். இருவது வருசமா அவுக்கல." என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்காயம் உரிக்கிற இடத்தில் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அவள் தன் முந்தானையை நீட்டி, "தொடைச்சிக்கங்க டீச்சரம்மா" என்றாள். என் நெற்றியைப் பார்த்து, "பாவம், உங்களுக்கு இப்புடி ஆயிப்போச்சே" என்று எனக்காக வருத்தப்பட்டாள். அவள் புருஷனை எரித்தவள் நான், என் புருஷன் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்க, நான் வெறும் நெற்றியோடு அவளிடம் ஆறுதல் வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், அவள் புட்டு டப்பாவைத் திறப்பாள், நான் வாயை மூடிக்கொள்வேன்.

நீ அப்பாவைப் பார்க்க வரும்போது "என்னைத் தெரியுதாப்பா" என்று கேட்காதே. தெரியாது. கேட்டால் அவருக்குத்தான் அவமானமாக இருக்கும். தராசில் ஏறி நில். வண்டி நம்பர் கேட்பார், ஏதாவது ஒரு நம்பர் சொல். எடையைச் சொல்லிவிட்டு உன் தோளைத் தட்டி அனுப்புவார். அந்தத் தட்டு பழைய தட்டுதான், கையில் மாற்றம் இல்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடு, மறைத்து வைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேள். மாமாவிடம் நானே சொல்கிறேன், போலீஸிலும் நானே போய்ச் சொல்கிறேன். என்ன வருமோ வரட்டும். நாளைக்கு எனக்கும் இந்த மறதி வந்தால் என்னையும் அந்த வீட்டிலேயே விட்டுவிடு. வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை என்று ஊர் பேசும், பேசட்டும். நான் யாரோடு பேசினாலும், அவருக்கும் ஒரு டம்ளர் காபி வைக்கச் சொல்.

உன் பத்திரிகையில் 'தெய்வத்திரு' என்பதைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று, திங்கட்கிழமை, பூங்காவனம் வந்திருந்தாள். துணி துவைக்கிற கல்லுப் பக்கம் அவளைக் கூட்டிப்போனேன். பட்டப்பகல், கொடியில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. "பூங்காவனம், உன் வூட்டுக்காரர் செத்துப்போயி நாலு வருசம் ஆச்சு" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். சட்டையைச் சொன்னேன், நகத்தைச் சொன்னேன், தாயத்தைச் சொன்னேன், நான் ஆமா என்றதைச் சொன்னேன். அவள் கத்துவாள், என் மயிரைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்தேன். இழுத்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கல்லின்மேல் உட்கார்ந்தாள். "ஒரு வருசமா என் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சீங்களே" என்றாள். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"குளுப்பாட்டுனீங்களா?"

"தண்ணி ஊத்துனோம்."

"கோடி போட்டீங்களா?"

"புது வேட்டி, மாலை, எல்லாம் போட்டோம்."

"கொள்ளி வச்சது யாரு?"

"என் மவன்."

"அழுதுச்சா அந்தப் புள்ள?"

"விழுந்து விழுந்து அழுதான். மொட்டை போட்டுக்கிட்டான். பதினாறு நாளும் அவன் ஒழுங்காச் சாப்புடல. இன்னிக்கும் வருசா வருசம் வந்து எள்ளுந்தண்ணியும் விடுறான்."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுது முடிக்கும்வரை நான் நின்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்து, குங்குமம் கன்னம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனதைக்கூடக் கவனிக்காமல் சொன்னாள். "நம்மளத் தூக்கிப் போட ஒரு புள்ள இல்லயேன்னு சொல்லிச் சொல்லிப் பொலம்புவாரு டீச்சரம்மா. குடிச்சாலும் அதான், குடிக்காட்டியும் அதான்." பிறகு, "உங்கள என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. அத அப்பறம் பாத்துக்கறேன். மொதல்ல அந்தப் புள்ளயக் காட்டுங்க. அது கையை ஒரு தடவ புடிச்சிப் பாக்கணும்" என்றாள்.

உன்னைக் கேட்காமல், வருவான் என்று சொல்லிவிட்டேன். வரும் திங்கட்கிழமை காலையிலேயே அவள் வந்து காத்திருப்பாள்.

அம்மா